கோயில் வாசல்ல வெடிக்குற மோட்டார்: திட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க



நான் வழக்கமா இங்க பூசை நேரம், அன்னதான விவரம், துப்புரவுப் பணிக்கு ஆள் வேணும்னுதான் பதிவு போடுவேன். இன்னிக்கு கொஞ்சம் நீளமா, ஒரு பழைய மோட்டாரைப் பத்தி எழுதப் போறேன். கோயில் பக்கத்துல எதுக்கு மோட்டார் கதைன்னு சிலர் கேப்பீங்க. நம்ம கோயில் வாசல்ல ஆரம்பிச்ச கதைதான் இது. அதனால இங்கதான் சொல்லணும்.

கொஞ்ச நாளைக்கு முன்னால ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசை. ஐயர் தீபாராதனை காட்டப் போற நேரம். வாசல் பக்கம் "டப்... டப்... டமார்"னு சத்தம். குழந்தைங்க பயந்து திரும்பிப் பாத்துச்சுங்க. ஒரு பெரியவர் கோவமா வெளிய போனாரு. "இது கோயிலா, ரேஸ் ஓட்டுற இடமா? ரெம்பிட் பயலுவளுக்கு இங்க என்ன வேலை?"ன்னு கத்திட்டாரு. அந்தத் தம்பி ஒரு வார்த்தை பதில் பேசல. மோட்டாரை அணைச்சான், திருப்பினான், தள்ளிக்கிட்டே ரோடு வரைக்கும் போனான்.

அவன் தள்ளிக்கிட்டுப் போனதை நான் பாத்தேன். அதுதான் எனக்கு உறுத்துச்சு. வேணும்னே சத்தம் போடுறவன் மோட்டாரைத் தள்ளிக்கிட்டுப் போக மாட்டான், முறுக்கிக்கிட்டுத்தான் போவான்.

அந்தத் தம்பி யாருன்னா, அன்னதானத்துக்கு அரிசி மூட்டை வந்தா முதல்ல தோள் கொடுக்குறவன். அதுக்கப்புறம் ரெண்டு வெள்ளிக்கிழமை ஆளையே காணோம். மூணாவது வாரம் நான் போன் பண்ணினேன். "இல்லண்ணே, மோட்டார் சரியில்ல. அங்க வந்தா மறுபடியும் வெடிக்கும். ஏன் வம்பு"ன்னான். அப்புறம்தான் முழுக் கதையும் வந்துச்சு.

அது அவன் அப்பாவோட மோட்டார். ஹோண்டா ஈஎக்ஸ்5. அப்பா ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்துல செம்பனைக் குலை வெட்டினவர். தோட்டத்தை விட்டு புஞ்சாக் ஆலாமுக்கு வந்தப்போ கையிருப்பைப் போட்டு வாங்கின செகண்ட்ஹேண்ட் வண்டி. அப்பா இப்ப இல்ல. மகன் அதுலதான் மேரு பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போறான். நம்மள்ல நெறைய பேருக்கு இதே கதைதான். லயத்துல இருந்தப்போ வேலைக்கு நடந்து போனோம், சைக்கிள்ல போனோம். தோட்டம் தாமானா மாறினப்புறம் வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். ராத்திரி ஷிப்டுக்கு ஏத்த நேரத்துல பஸ் கெடையாது. மோட்டார்தான் கால்.

போன மாசம் ராத்திரி ஷிப்டு முடிச்சு வர்றப்போ ஒரு ஏத்தத்துல மோட்டார் இழுக்கல. நாலாவது கியர்லேர்ந்து மூணு, மூணுலேர்ந்து ரெண்டு. ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கியும் வேகம் கொறைஞ்சுக்கிட்டே வருது, எக்ஸோஸ் மட்டும் படபடன்னு வெடிக்குது. பின்னால மண் லோரி. ஹார்ன் அடிச்சுக்கிட்டே நெருங்கி வருது. தம்பி மோட்டாரோட புல்லுக்குள்ள எறங்கிட்டான். லோரி உரசுற மாதிரி போயிருக்கு. "அந்தக் காத்து அடிச்சதுல சட்டை பறந்துச்சுண்ணே"ன்னு சொன்னான். அவங்க அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது.

நம்ம நாட்டுல சாலை விபத்துல சாகுறவங்கள்ல பாதிக்கும் மேல மோட்டார் ஓட்டிகளும் பின்னால உக்காந்து போறவங்களும்தான். அதுல நம்ம பிள்ளைங்க எத்தனை பேருன்னு கோயில்ல காரியம் எடுத்துச் செய்யுற நமக்குத் தெரியும். அதனால எக்ஸோஸ் வெடிக்குறதும், கூடவே இழுவை கொறையுறதும் வெறும் சத்தப் பிரச்சனை இல்ல. அது உசுரு சம்பந்தப்பட்ட விஷயம். இதைத்தான் பெரியவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் சேத்துச் சொல்ல வர்றேன்.

என் கருத்து ரெண்டே வரிதான். ஒண்ணு, வெடிக்குற மோட்டாரைப் பாத்து திட்டாதீங்க, "எப்ப வெடிக்குது?"ன்னு கேளுங்க. ரெண்டு, சாமான் மாத்துறதுக்கு முன்னால காசு செலவில்லாத சோதனையெல்லாம் முடிங்க.

தம்பி இந்த ரெண்டாவதுலதான் மாட்டிக்கிட்டான். முதல்ல பிளக் மாத்தினாங்க. அப்புறம் காபரேட்டர் புதுசு. அப்புறம் காயில். எதுவும் சரியாகலன்னதும் ஒரு கூட்டாளி "எக்ஸோஸ் அடைச்சிருக்கும், ஓப்பன் எக்ஸோஸ் போடு"ன்னு சொல்லி அதையும் போட்டாச்சு. மொத்தம் 300 வெள்ளிக்கு மேல. நோய் அப்படியே இருக்கு, சத்தம் மட்டும் ரெண்டு மடங்கு. கோயில் வாசல்ல திட்டு வாங்கினது அந்தச் சத்தத்துக்குத்தான்.

நம்ம கோயில்ல தினமும் பிரகாரம் கூட்டுற அங்கிள் ஒருத்தர் இருக்காரு. வேலை ஓய்வு பெற்ற ஃபோர்மேன். முப்பது வருஷத்துக்கு மேல மோட்டார் பாத்தவர். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பசியாறிட்டு, கார் நிறுத்துற இடத்துல மூணு பேரும் உக்காந்தோம். அங்கிள் ஸ்பேனரைத் தொடவே இல்ல. முதல் அரை மணி நேரம் கேள்வி மட்டும்தான் கேட்டாரு. அவர்கிட்ட கத்துக்கிட்டதைத்தான் கீழ வரிசையா எழுதுறேன். பழைய காபரேட்டர் மோட்டார் வச்சிருக்குற எல்லாருக்கும் உதவும்.

*முதல்ல, ஏன் வெடிக்குது?*

பெட்ரோல் சுத்தமா எரிய ஒரு கணக்கு இருக்கு. 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காத்து வேணும். காத்து கூடி எண்ணெய் கொறைஞ்சா கலவை சரியா பத்தாது. பிளக்கோட பொறி விட்டு விட்டு வந்தாலும் பத்தாது. வால்வ் சரியா மூடலன்னா பத்துறதுக்கு முன்னாலயே கசிஞ்சு வெளிய போயிடும். எப்படியோ எரியாத பெட்ரோல் எக்ஸோஸ் குழாய்க்குள்ள போய்ச் சேருது. அங்க குழாய் கொதிச்சுக்கிட்டு இருக்கு. கொஞ்சம் காத்தும் கெடைச்சா அங்கேயே பத்திக்கும். அதுதான் "டமார்". எஞ்சினுக்குள்ள எரிஞ்சு வண்டியை இழுக்க வேண்டிய எண்ணெய் வெளிய போய் எரியுது. அதனாலதான் வெடியும் இழுவைக் கொறைவும் பல நேரம் சேந்தே வருது.

*எப்ப வெடிக்குது?*

இந்தக் கேள்விக்குப் பதில் கெடைச்சா பாதி நோய் தெரிஞ்ச மாதிரி.

வேகமா போய்ட்டு ஆக்சிலேட்டரை விடுறப்ப மட்டும் லேசா படபடங்குது, இழுவை நல்லா இருக்குன்னா பெரும்பாலும் பயப்பட வேணாம். எக்ஸோஸ் குழாய் எஞ்சின் தலையோட சேருற எடத்துல கேஸ்கட் போயிருக்கலாம், இல்ல மெதுவா ஓடுறப்ப எண்ணெய் கொடுக்குற பைலட் ஜெட் கொஞ்சம் அடைச்சிருக்கலாம்.

முறுக்குறப்ப, ஏத்தத்துல, பின்னால ஆள் உக்காந்திருக்குறப்ப வெடிச்சு இழுவையும் கொறைஞ்சா அது வேற நோய். எண்ணெய் போதுமான அளவு வரல, அல்லது பொறி விட்டுப் போகுது, அல்லது வால்வ் கசியுது.

மழையில நனைஞ்சதுக்கு அப்புறம், தண்ணி பீச்சி கழுவினதுக்கு அப்புறம் மட்டும்னா பிளக் தொப்பியையும் வயரையும் பாருங்க.

முதல் பத்து நிமிஷம் நல்லா ஓடி, சூடானப்புறம் வந்தா டேங் மூடி, காயில், வால்வ் இந்த மூணுல ஒண்ணு.

சத்தம் பின்னால எக்ஸோஸ்ல வருதா, இல்ல முன்னால காபரேட்டர் பக்கம் தும்முற மாதிரி வருதான்னும் கவனிங்க. காபரேட்டர் பக்கம் தும்மினா எண்ணெய் கொறைச்சலா வருது, அல்லது உள்ள இழுக்குற வால்வ் சரியா மூடல.

கடைசியா, "இது ஆரம்பிக்குறதுக்கு முன்னால மோட்டார்ல என்ன கை வச்சே?"ன்னு கேக்கணும். அங்கிள் இதைக் கேட்டப்பதான் தம்பி யோசிச்சு, "டாப்பெட் சத்தம் வந்துச்சு, கடையில கொடுத்து டைட் பண்ணேன். அப்புறம் சத்தமே இல்லண்ணே, நல்லா இருந்துச்சு"ன்னான். அங்கிள் தலையை மட்டும் ஆட்டினாரு. அப்ப எனக்குப் புரியல.

*காசு செலவில்லாத சோதனைகள்*

1. எஞ்சினைக் குத்தம் சொல்றதுக்கு முன்னால சக்கரத்தைச் சுத்திப் பாருங்க. பிரேக் பிடிச்சுக்கிட்டு இருந்தா, டயர்ல காத்து கொறைஞ்சிருந்தா, சங்கிலி ரொம்ப இறுக்கமா இருந்தா வண்டி இழுக்காது. எஞ்சின் சத்தம் ஏறுது, வேகம் மட்டும் ஏறலன்னா அது கிளட்ச் வழுக்குறது. இதுக்கும் வெடிக்கும் சம்பந்தம் இல்ல.

2. டேங் மூடி. மூடியில சின்னக் காத்து ஓட்டை இருக்கும். அது அடைச்சா டேங்க்குள்ள வெற்றிடம் உண்டாகி எண்ணெய் எறங்காது. இழுவை கொறையுறப்ப ஓரமா நிறுத்தி மூடியைத் திறங்க. "உஸ்"னு காத்து உள்ள போனா, மறுபடியும் வண்டி நல்லா ஓடினா, நோய் அதுதான். செம்மண் ரோட்டுல ஓடுற வண்டிக்கு இது நெறைய வரும்.

3. எண்ணெய் ஓட்டம். காபரேட்டருக்குப் போற ரப்பர் குழாயைக் கழட்டி ஒரு போத்தல்ல விட்டுப் பாருங்க. தொடர்ந்து வரணும். சொட்டுச் சொட்டா வந்தா டேங் துருவோ ஃபில்டரோ அடைச்சிருக்கு. சில மோட்டார்ல எஞ்சின் இழுத்தாத்தான் எண்ணெய் திறக்குற வகை குழாய் இருக்கும், அதை ஃபோர்மேன்கிட்ட கேட்டுச் செய்யுங்க. காபரேட்டருக்கு அடியில ஒரு திருகு இருக்கு, அதைத் திறந்தா உள்ள தேங்கின தண்ணியும் அழுக்கும் வெளிய வரும். இந்த வேலையை விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எரியுற எடத்துக்குப் பக்கத்துல செய்யவே கூடாது. எஞ்சின் ஆறினப்புறம் வெட்டவெளியில செய்யுங்க.

4. பிளக் நிறம். ஏத்தத்துல ஓட்டிட்டு, உடனே அணைச்சு, ஆறினதும் கழட்டிப் பாருங்க. காப்பித்தூள் மாதிரி இளம் பழுப்பா இருந்தா நல்லது. வெள்ளையா வெந்த மாதிரி இருந்தா எண்ணெய் கொறைச்சல், காத்து கூடுதல். கரி படிஞ்சு கறுப்பா இருந்தா எண்ணெய் கூடுதல், அல்லது பொறி பலவீனம். ஈஎக்ஸ்5 மாதிரி மோட்டாருக்கு பிளக் இடைவெளி 0.6 லேர்ந்து 0.7 மி.மீ. இருக்கணும். புது பிளக் சில வெள்ளிதான், ஆனா பழசைப் பாக்காம தூக்கிப் போட்டா அது சொல்ல வந்த சேதியையும் சேத்துத் தூக்கிப் போட்ட மாதிரி.

5. பிளக் தொப்பியும் வயரும். இருட்டுல எஞ்சினை ஓடவிட்டு வயர் மேல லேசா தண்ணி தெளிங்க. நீலமா பொறி பறந்தா, எஞ்சின் தடுமாறினா, அங்க கசியுது. கையால தொடாதீங்க, அடிக்கும்.

6. காத்துக் கசிவு. காபரேட்டரும் எஞ்சினும் சேருற எடத்துல ரப்பர் வளையம் இருக்கும். வெயில்ல காஞ்சு வெடிச்சிருக்கும். எஞ்சின் மெதுவா ஓடுறப்ப அங்க தண்ணி தெளிங்க. சத்தம் மாறினா அங்க காத்து உள்ள போகுது. சிலர் பெட்ரோல் தெளிச்சுப் பாப்பாங்க. வேணாம், தீப்பிடிக்கும். எக்ஸோஸ் பக்கம் கேஸ்கட் கசிஞ்சா சேருற எடத்தைச் சுத்தி கரி படிஞ்சிருக்கும், கண்ணுக்கே தெரியும்.

7. ஏர் ஃபில்டர். நம்ம பசங்க நெறைய பேரு இதைக் கழட்டி வீசிட்டு "காத்து நல்லா போகும்"னு சொல்றாங்க. காத்து போகும், எண்ணெய் கூடாது. கணக்கு கெட்டு வெடி ஆரம்பிக்கும். தூசும் உள்ள போய் பிஸ்டனைத் தேய்க்கும். ஓப்பன் எக்ஸோஸும் அப்படித்தான். ஜெட் மாத்தாம அதை மட்டும் மாட்டினா கலவை கணக்கு மாறிப்போகும்.

இந்த ஏழுக்கும் செலவு நேரம் மட்டும்தான். இதுக்கப்புறம்தான் காபரேட்டரைக் கழட்டணும். ஜெட் ஓட்டையைக் கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும். காத்து அடிச்சே சுத்தம் பண்ணணும். "95 போடாத, 97 போடு, வெடி நிக்கும்"னு சொல்றதை நம்பாதீங்க. ஆக்டேன் எண் எஞ்சினுக்குள்ள வர்ற தட்டல் சத்தம் சம்பந்தப்பட்டது. எக்ஸோஸ் வெடிக்கு அது மருந்து இல்ல.

*தம்பி மோட்டார்ல என்ன கெடைச்சது?*

ஏழும் பாத்தோம். எக்ஸோஸ் கேஸ்கட் கொஞ்சம் கசிஞ்சுது. ஓப்பன் எக்ஸோஸை அவசரத்துல மாட்டினப்போ பழைய கேஸ்கட்டையே வச்சிருக்காங்க. ஆனா இழுவை கொறைஞ்சதுக்கு அது காரணம் இல்லன்னு அங்கிள் சொன்னாரு. எஞ்சின் நல்லா ஆறுற வரைக்கும் காத்திருந்தோம். அப்புறம் டாப்பெட் மூடியைத் திறந்து, எஞ்சினைக் கையால சுத்தி, "டி" குறி நேரா வர்ற மாதிரி வச்சு, ரெண்டு வால்வும் மூடியிருக்குற நேரமான்னு உறுதி பண்ணிக்கிட்டு, ஃபீலர் கேஜை விட்டாரு.

இந்த எஞ்சினுக்கு ரெண்டு வால்வுக்கும் இடைவெளி 0.05 மி.மீ. இருக்கணும். ஃபோட்டோஸ்டேட் எடுக்குற தாள்ல ஏறக்குறைய பாதி கனம். எக்ஸோஸ் வால்வுல அந்த இடைவெளியே இல்ல. இறுகிப் போயிருந்துச்சு.

அப்பதான் அங்கிள் ஏன் தலையை ஆட்டினாருன்னு புரிஞ்சுது. டாப்பெட் லேசா "டிக் டிக்"னு சத்தம் போடுறது தப்பே இல்ல. அந்த இடைவெளி இருக்குறதோட அடையாளம் அது. சத்தம் பிடிக்கலன்னு அதை இறுக்கினா, சூடாகி வால்வ் தண்டு நீளுறப்ப முழுசா மூடாது. பழைய எஞ்சின்ல வால்வ் உக்காருற எடமும் தேய்ஞ்சு தேய்ஞ்சு இடைவெளியைக் கொறைச்சுக்கிட்டே வரும். 6000 சுத்து ஓடுறப்ப ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 50 தடவை திறந்து மூடுது. எக்ஸோஸ் வால்வ் தன் சூட்டைப் பெரும்பாலும் அந்த இருக்கையில உக்காருற நேரத்துலதான் இறக்கி வைக்கும். சரியா உக்காரலன்னா சூட்டை எங்க இறக்கும்? ஓரம் கருகும். கருகின எடத்துல கசியும். கசியுற எண்ணெய் எக்ஸோஸ்ல வெடிக்கும். அழுத்தம் கொறையும், இழுவை போகும். சூடானா இன்னும் மோசமாகும். தம்பிக்கு நடந்தது இதேதான்.

இடைவெளியைச் சரி பண்ணினதும் ஸ்டார்ட் உடனே மாறுச்சு. ஆனா சூடானப்புறம் இழுவை முழுசா வரல. அழுத்தம் அளந்தோம், கொறைச்சல். பிளக் ஓட்டையில ஒரு சின்னக் கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும் அளந்தோம். அப்படிச் செஞ்சு அழுத்தம் ஏறினா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம், ஏறலன்னா வால்வ். ஏறல. அடுத்த வாரம் அங்கிளுக்குத் தெரிஞ்ச கடையில தலையைக் கழட்டினாங்க. எக்ஸோஸ் வால்வ் ஓரத்துல ஒரு எடம் கருகி, அரிச்ச மாதிரி இருந்துச்சு. வால்வ் மாத்தி, இருக்கையோட தேய்ச்சுப் பொருத்தி, புது கேஸ்கட் போட்டாங்க. பழைய எக்ஸோஸும் திரும்ப மாட்டியாச்சு. அவன் முன்னால வீணாக்கின காசுல பாதிகூட ஆகல.

ஆரம்பத்துலேயே டாப்பெட் இடைவெளியைப் பாத்திருந்தா வால்வே போயிருக்காது.

இன்னொரு விஷயம். இது 4-ஸ்ட்ரோக் கப்சாய் கதை. ஆர்எக்ஸ்இசட் மாதிரி 2-ஸ்ட்ரோக் வச்சிருக்குறவங்களுக்கு இந்த வால்வும் டாப்பெட்டும் கெடையாது. அங்க 2டி ஆயில் கரி எக்ஸோஸ்ல அடைக்கும், கிராங்க் சீல் கிழிஞ்சு காத்து உள்ள போகும். அப்படிக் காத்து போனா எண்ணெயும் ஆயிலும் கொறைஞ்சு பிஸ்டன் பிடிச்சுக்கும், ஓடுற வேகத்துல பின்சக்கரம் பூட்டிக்கும். அதனால அதுல இழுவை கொறைஞ்சா ஒரு நாள்கூட தள்ளிப் போடாதீங்க.

*இனி என் கருத்து*

பெரியவங்களுக்கு: உங்க கோவம் எனக்குப் புரியுது. வேணும்னே வெடிக்க வைக்குற பிள்ளைங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல. பூசை நேரத்துல அது தப்புதான். ஆனா தள்ளிக்கிட்டு வர்றவனுக்கும் முறுக்கிக்கிட்டு வர்றவனுக்கும் வித்தியாசம் பாக்கணும். அன்னிக்கு நாம அந்தத் தம்பியைத் திட்டினதும் வாசல்ல சத்தம் நின்னுச்சு. கூடவே அவன் கோயிலுக்கு வர்றதும் நின்னுச்சு, மோட்டார்ல கோளாறு அப்படியே இருந்துச்சு. அதே மோட்டார்லதான் தினமும் ராத்திரி ஷிப்டுக்குப் போனான். "தம்பி, மோட்டார் என்ன இப்படி வெடிக்குது, எப்பேர்ந்து?"ன்னு யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா, மூணு வாரம் முன்னாலயே இது தெரிஞ்சிருக்கும். நானும் அன்னிக்கு உள்ளதான் நின்னேன், நானும் கேக்கல. முதல் தப்பு என்னுது.

தம்பிமாருக்கு: வெடிக்குறது ஸ்டைல் இல்லடா. உன் மோட்டார் எண்ணெயை வெளிய கொட்டி எரிக்குது, உன் சம்பளக் காசையும் சேத்து. ஓப்பன் எக்ஸோஸ் போட்டா நோய் போகாது, நோயோட சத்தம் உனக்குக் கேக்காமப் போகும், அவ்வளவுதான். ஜேபிஜே சம்மன் வேற. இழுவை கொறைஞ்ச மோட்டாரை எடுத்துக்கிட்டு ராத்திரி லோரி ஓடுற ரோட்டுல போகாத. ஒரு நாள் லீவு போட்டா சம்பளம் போகும், தெரியும். கூட வேலை செய்யுறவன் பின்னால உக்காந்து போ, இல்லன்னா எங்களுக்கு ஒரு போன் பண்ணு. வெக்கப்படாத.

கடை வச்சிருக்குற ஃபோர்மேன் அண்ணன்மாருக்கு: உங்க கஷ்டமும் தெரியும். பாதி பேரு "அண்ணே, சீக்கிரம், இதை மட்டும் மாத்துங்க"ன்னு சொல்லித்தான் வர்றாங்க. கண்டுபிடிக்குறதுக்குக் கூலி கேட்டா மொகம் சுளிக்குறாங்க, சாமான் மாத்தினா மட்டும் காசு கொடுக்குறாங்க. அப்புறம் எப்படி நீங்க பொறுமையா உக்காந்து பாப்பீங்க? அதனால நாமளும் மாறணும். "என்ன மாத்தணும்?"னு கேக்காம "என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்லுங்க, அதுக்கு இவ்வளவு கூலி"ன்னு கேட்டுப் பழகுவோம். நீங்களும் மாத்தின பழைய சாமானைக் கையில கொடுங்க. டாப்பெட் சத்தம் பிடிக்கலன்னு ஒருத்தன் வந்து நின்னா, இறுக்காம, அளந்து காட்டுங்க.

சிலர் சொல்லுவாங்க: "இவ்வளவு பழைய மோட்டாரை எதுக்குக் கட்டி அழணும், புதுசு வாங்க வேண்டியதுதானே?" வாங்க முடிஞ்சவங்க வாங்கட்டும். இந்தக் குடும்பத்துல மாசத் தவணை இன்னொண்ணு தாங்காது. இன்னொண்ணு, இந்த மோட்டார் ஒண்ணும் குப்பை இல்ல. 1958ல ஹோண்டா கொண்டு வந்த சூப்பர் கப் வம்சம் அது. அந்த வம்சம் 2017லயே 10 கோடி வண்டியைத் தாண்டிடுச்சு. இத்தனை வருஷம் உலகம் பூரா அது ஓடுறதுக்குக் காரணம், கையில நாலு ஸ்பேனர் இருந்தா ஒரு சாதாரண ஆள் திறந்து, பாத்து, சரி பண்ண முடியும்ங்கிறதுதான். அந்தத் தம்பிக்கு அது அப்பாவோட மோட்டாரும்கூட. தலையைக் கழட்டினப்போ கூடவே நின்னு ஒவ்வொரு போல்ட்டையும் வரிசையா அடுக்கி வச்சான். "அப்பா இதையெல்லாம் தொட்டிருப்பாருல்ல"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னான்.

கடைசியா ஒரு வேண்டுகோள். நம்ம கோயில்ல உழவாரப்பணி செய்யுறோம், ரத்ததானம் நடத்துறோம். அதே மாதிரி திருவிழாவுக்கு ரெண்டு வாரம் முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, கார் நிறுத்துற எடத்துல மோட்டார் சோதனை வச்சா என்ன? சாமான் மாத்த வேணாம். டயர், பிரேக், விளக்கு, சங்கிலி, டேங் மூடி, பிளக், இவ்வளவு மட்டும் பாத்து ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுப்போம். அங்கிள் வர்றேன்னு சொல்லிட்டாரு. தைப்பூசத்துக்கு பத்துமலைக்கு ராத்திரியோட ராத்திரியா மோட்டார்ல கெளம்புற பசங்க எத்தனை பேரு நம்ம வட்டாரத்துல? காவடிக்கு விரதம் இருக்குற மாதிரி, ஏறிப் போற வண்டியையும் ஒரு தடவை பாத்துக்கிட்டா நல்லதுதானே. நிர்வாகத்துக்கிட்ட கேட்டிருக்கேன். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்.

போன வெள்ளிக்கிழமை தம்பி வந்தான். வாசல்ல மோட்டார் வந்து நின்ன சத்தமே யாருக்கும் கேக்கல, பக்கத்துல போனா டாப்பெட் மட்டும் லேசா "டிக் டிக்"குன்னுச்சு. அன்னிக்குத் திட்டின அதே பெரியவர்தான் அவனைக் கூப்பிட்டு, "வா தம்பி, அரிசி மூட்டை வந்திருக்கு"ன்னாரு. அவ்வளவுதான். ரெண்டு பேரும் வேற எதுவும் பேசிக்கல. மூட்டையைத் தூக்கிக்கிட்டு உள்ள போனாங்க.

மோட்டார்ல ஏறுறதுக்கு முன்னால சாமியைக் கும்பிடுங்க. கும்பிட்டுட்டு டயரையும் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க.

எல்லாரும் பத்திரமா வந்து சேருங்க. அம்மன் துணை.